சூளைக்கு ஒரு காலண்டர், பள்ளிக்கு ஒரு காலண்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழங்குடி மாணவர்களின் இடைநிற்றல் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, ‘பெற்றோருக்கு விழிப்புணர்வு போதவில்லை’ என்று முடிகிறது. இதை எங்களால் ஏற்க முடியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில எழுத்தறிவு 80 சதவீதத்தைத் தொட்டிருந்த அந்த ஆண்டில் இவர்களிடையே அது 54 சதவீதம்தான். விழிப்புணர்வுக் கூட்டம் போட்டு அடைக்கக்கூடிய பள்ளமில்லை இது. பிள்ளைகள் எந்த மாதத்தில் நிற்கிறார்கள் என்று குறித்துப் பாருங்கள், காரணம் தானாகத் தெரியும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து இருளர் குடியிருப்புகளில் அது பொங்கல் கழிந்த தை மாதம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மே, ஜூன். நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பக்கம் ஒன்றாம் வகுப்பின் முதல் சில மாதங்கள்.

செங்கல் சூளை வேலை பொங்கலுக்குப் பிறகு சூடுபிடித்து, மழை வரும்வரை ஓடுகிறது. முன்பணம் வாங்கிய குடும்பம் மொத்தமாகப் போய்ச் சூளையிலேயே தங்கும். பள்ளியில் அதுதான் மூன்றாம் பருவம். பிள்ளை போன இடத்துக்குப் பக்கத்தில் பள்ளி இருந்தாலும், பிள்ளையின் எமிஸ் எண் (கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) பழைய பள்ளியில் இருக்கிறது. அங்குள்ள தலைமையாசிரியர் அந்தப் பதிவின் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் இங்கே பெயர் ஏறும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்று பலர் விடுவிக்கத் தயங்குகிறார்கள். பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படிதான் நடக்கிறது. ஜனவரியில் விடுவித்து, மழைக்குத் திரும்பும் பிள்ளையை ஜூனில் மறுபடி சேர்த்துக்கொண்டால் பணியிடத்துக்கு எந்த இழப்பும் இல்லை. இந்த ஒரு விவரத்தை எழுத்தில் தெளிவுபடுத்தி ஒரு சுற்றறிக்கை விட்டாலே பாதித் தயக்கம் போய்விடும்.

எந்தக் குடும்பம் எந்தச் சூளைக்குப் போகிறது என்பது டிசம்பருக்குள் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அந்த மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளையின் பெயர், எமிஸ் எண், சூளை இருக்கும் ஊர் மூன்றையும் எழுதி வட்டார வள மையத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்றாம் பருவப் புத்தகத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும். பாட்டி, தாத்தாவோடு ஊரில் தங்கக்கூடிய பிள்ளைகளுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை பருவகால விடுதி நடத்த, பள்ளிக் கல்விக்கான ‘சமக்ர சிக்ஷா’ அரசுத் திட்டத்தில் இடமிருக்கிறது. விடுதியை ஒன்றியத் தலைநகரில் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். குடியிருப்பை ஒட்டிய பள்ளியிலேயே வைத்து, சமையலுக்கும் காப்புக்கும் அதே சமூகத்துப் பெண்களை அமர்த்தினால்தான் பெற்றோர் பிள்ளையை நம்பி விட்டுப் போவார்கள். முன்பணத்தைக் காட்டி வெளியே விடாமல் வேலை வாங்குவது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. அங்கே முதலில் தேவைப்படுவது கோட்டாட்சியர் தரும் விடுவிப்புச் சான்று. பள்ளி அதற்குப் பிறகு.

அடுத்தது சாதிச் சான்றிதழ். படிப்பில் வென்று வந்த பிள்ளையைக்கூட வாசலில் நிறுத்திவிடுவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். மற்ற சமூகத்தினருக்கு வட்டாட்சியர் அளவிலேயே சான்று முடிந்துவிடுகிறது. பழங்குடியினருக்கு 1989 நவம்பரிலிருந்து கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் வழங்க வேண்டும். போலிச் சான்றுகளைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதன் சுமை முழுக்க உண்மையான பழங்குடியினர் தலையில் விழுந்திருக்கிறது. இ-சேவை மையத்தில் பதிந்த மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஏறிக் கோட்டாட்சியரின் நேரடி விசாரணைக்குப் போகிறது. ‘பெற்றோரின் சான்று எங்கே?’ என்பதுதான் முதல் கேள்வி. முதல் தலைமுறையாகப் படிக்கும் வீட்டில் அது இருக்காது. ரேஷன் அட்டையில் அப்பா பெயர் ஒருவிதம், ஆதாரில் இன்னொரு விதம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ‘இருளர்’ என்பதற்குப் பதில் ஊர் வழக்கப்படி ‘வில்லியர்’ என்றோ ‘வேட்டைக்காரர்’ என்றோ யாராவது எழுதி வைத்திருப்பார்கள். உறவினர் ஆவணமே இல்லாதபோது உதகமண்டலத்தில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் மானுடவியலாளர் கருத்தைக் கேட்கிறார்கள். கோட்டாட்சியர் நடுவில் மாற்றலானால் கோப்பு தேங்குகிறது. அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு 1 சதவீதம்தான். அந்த ஓர் இடமும் தாள் இல்லாததால் கைநழுவுகிறது.

பிளஸ் டூ முடிவு வந்த பிறகு மனுப் போடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. தொடக்க வகுப்பில் வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அது சரியானதே. ஆனால் எட்டாம் வகுப்புவரை யாரும் தாள் கேட்காததால் யாரும் அதைப் பற்றி நினைப்பதும் இல்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஜூனிலேயே தொடங்கினால் கையில் ஏழு ஆண்டு இருக்கிறது. முதல் வேலை, சேர்க்கைப் பதிவேட்டில் பெயர், பிறந்த தேதி, சமூகம் மூன்றையும் சரிபார்ப்பது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சான பின் திருத்துவது பெரும்பாடு. பிறகு மாணவர் வாரியாக இல்லாமல் குடும்ப வாரியாகப் பட்டியல் எடுக்க வேண்டும். தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று தந்தைவழி உறவையும் அவரவர் ஊரையும் ஒரே தாளில் வரைந்தால், வேறு வட்டத்தில் யாரோ ஒருவர் எப்போதோ வாங்கிய சான்று அகப்படும். அதன் நகல் கிடைத்துவிட்டால் மானுடவியலாளர் வரை போக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. ஒரு பிள்ளைக்குக் கிடைத்த சான்று, கூடப் பிறந்தவர்களுக்கும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்கும் வழி திறக்கிறது. விசாரணையைக் கோட்டாட்சியர் குடியிருப்புக்கே வந்து ஒரே நாளில் முடித்துத் தர வேண்டும். அலுவலகத்துக்குப் பெற்றோர் நடக்கும் ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது.

இப்படிக் குடியிருப்புக்கே வந்து முகாம் போட்டாலும் தீராத இடமும் உண்டு. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் ‘மலையாளி’ எனும் மலைவாழ் சமூகத்தினருக்கு (கேரளத்தவர் அல்லர்) பழங்குடிச் சான்று கிடைப்பதில்லை. அரசின் பழங்குடியினர் பட்டியலில் அந்தச் சமூகம் சேலம், தருமபுரி, வட ஆற்காடு போன்ற குறிப்பிட்ட மாவட்டங்களோடு சேர்த்து எழுதப்பட்டிருப்பதே காரணம். இதை நாடாளுமன்றம்தான் திருத்த முடியும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தால்தான் பட்டியலுக்குள் வந்தன. பர்கூர் பிள்ளைகளுக்கும் அதைச் செய்யலாம்.

உதவித்தொகை பற்றி ஒன்று மட்டும். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். பணம் வரவில்லை என்று அலையும் பலருக்கு உண்மையில் அது வேறு கணக்குக்குப் போயிருக்கும். ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்கே அரசுப் பணம் போகிறது. விண்ணப்பிக்கும் முன் எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கடைசியாக, ஒன்றாம் வகுப்பு. கூடலூரில் ஒரே வகுப்பில் பணியர், காட்டுநாயக்கர் என்ற இரு பழங்குடிகளின் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். பணியர் பேச்சு மலையாளத்துக்கு நெருக்கம், காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்கு நெருக்கம். ஆசிரியர் பாடநூல் தமிழில் கேட்கிறார், பிள்ளை வாய் திறப்பதில்லை. ‘மந்தம்’ என்று முடிவாகிவிடுகிறது. பிள்ளையின் மௌனத்தை இப்படித் தப்பாகப் படிப்பது எங்களுக்கு மிகுந்த வேதனை தருகிறது. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு. ஒடிசா இதை 2006-07இல் 10 பழங்குடி மொழிகளில் தொடங்கிப் பின்னர் 21 மொழிகளுக்கு விரித்தது. கூடலூரை ஒட்டிய வயநாட்டில், அதே பணியர் பிள்ளைகளுக்காகக் கேரளம் 2017இல் ‘கோத்ரபந்து’ திட்டத்தின்கீழ், ஆசிரியர் பயிற்சி முடித்த பழங்குடி இளைஞர்களைத் தொடக்கப் பள்ளிகளில் துணையாசிரியராக அமர்த்தியது. நாம் புதிய பாடநூல் அச்சடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடியிலிருந்து மூன்றாம் வகுப்புவரை, வகுப்பாசிரியரோடு நின்று பிள்ளையின் மொழியில் கேட்டு, சொல்லி, மெல்லத் தமிழுக்கு அழைத்து வர ஒருவர் வேண்டும். பயிற்சி முடித்தவர் கிடைக்காத குடியிருப்பில், பிளஸ் டூ முடித்த அவ்வூர்ப் பெண்ணை மதிப்பூதியத்தில் அமர்த்தி, பணியில் இருந்தபடியே பயிற்சி தரலாம். ஊதியம் மட்டும் மாதம் தவறாமல் போய்ச் சேர வேண்டும். இரண்டு மாதம் நிலுவை வைத்தால் அவரும் தேயிலைத் தோட்டத்துக்கோ காப்பித் தோட்டத்துக்கோ போய்விடுவார்.

இப்படிக்கு,
பழங்குடி மாணவர் சேர்க்கைப் பணியில் உள்ள ஆசிரியர்கள் சிலர்,
செங்கல்பட்டு மாவட்டம்.