ஆண்டறிக்கை 2024-25

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், நம் தெருக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் தெருச் சங்கத்தின் செயற்குழு ஆறு முறை கூடியது. தெருவிளக்கு, சாக்கடை, சிமென்ட் லாரிகள் கிளப்பும் தூசி மூன்றும் வழக்கம்போலப் பேசப்பட்டன, வழக்கம்போல மனுவும் கொடுத்தோம். விளக்கு மட்டும் எரிகிறது. மீதி நேரமெல்லாம் பள்ளிக்கூடப் பேச்சிலேயே போனதால் இந்த அறிக்கையிலும் அதுதான் அதிகம். மார்ச்சுக்குப் பின் நடந்ததையும் சேர்த்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

2025 மே 8 அன்று பிளஸ் டூ முடிவு வந்தது. நம் அரியலூர் மாவட்டம் 98.82 சதவீதத்துடன் மாநிலத்தில் முதலிடம். 2024-ல் பத்தாம் வகுப்பிலும் 97.31 எடுத்து நாம்தான் முதல். அரசுப் பள்ளிகளை மட்டும் தனியே பார்த்தால் நம் மாவட்டத் தேர்ச்சி 98.32. மாநிலம் முழுக்கத் தனியார் பள்ளிகள் எடுத்தது 98.88. அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் வித்தியாசம். அன்று டீக்கடையில் ஆளாளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள்.

ஜூன் 2-ல் பள்ளி திறந்தது. தெருமுனையில் தனியார் பள்ளி மஞ்சள் வேன் ஒன்றுகூடக் குறையவில்லை. என் பேத்தியும் அதில்தான் ஏறினாள். யாராவது எழுந்து கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

செயற்குழுவில் சிலர் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். அரசு மேல்நிலைப் பள்ளியை யாரும் குறை சொல்லவில்லை. "அஞ்சாவது வரைக்கும் தனியார்ல இருக்கட்டும் சார், ஆறாவதுல இங்க சேத்துக்கலாம்" என்பதுதான் பல வீட்டில் கிடைத்த பதில். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேண்டுமென்றால் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாவதிலிருந்துதான் கணக்கு. தாய்மார்கள் நம்மைவிடத் தெளிவாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் தப்பும் இல்லை. ஆனால் அரசுத் தொடக்கப் பள்ளி காலியாகிறது. பிளஸ் டூ சதவீதம் பேப்பரில் வருகிறது, ஒன்றாம் வகுப்புக்கு ஏது சதவீதம்? டை, ஷூ, வீட்டுக்கு வந்த விருந்தாளி முன் பிள்ளை சொல்லும் ரைம்ஸ், இவற்றை வைத்துத்தான் முடிவாகிறது.

சரி, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று ஒரு திங்கள்கிழமை எட்டேகாலுக்கு நம் பகுதித் தொடக்கப் பள்ளிக்குப் போனோம். பிள்ளை வைத்திருக்கும் இரண்டு தாய்மார்களும் வந்தார்கள். காலை உணவு ரவை உப்புமாவும் சாம்பாரும். ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் ஒரு கையில் தட்டு, மறு கை விரலைப் புத்தகத்தில் வைத்து, ஒன்றாவது படிக்கும் தங்கைக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் 'வாளப்பளம்' என்றாள். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, நாக்கை மடித்துக் காட்டி, 'ழ' சொல்ல வைத்தான். வந்த தாய்மார்கள் முகத்தைப் பார்த்தேன், பாதி மனசு மாறியிருந்தது.

அப்புறம் கழிவறைப் பக்கம் போனோம். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டார் எரிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டதாம். பெண் பிள்ளைகள் மத்தியானம் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று ஆசிரியை சொன்னார். "பாடமெல்லாம் சரி சார், இதப் பாத்துட்டு எப்படிச் சேக்குறது?" என்று ஒரு அம்மா கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அரசுப் பள்ளியைப் பற்றி ஊருக்குத் தப்பான எண்ணம் என்று நான் பல கூட்டத்தில் புலம்பியிருக்கிறேன். அந்த எண்ணத்தில் பாதி இந்தக் குழாயிலிருந்து வருகிறது. அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

மோட்டாருக்குக் காயில் கட்டச் சங்கப் பணத்தில் கொடுத்தோம். ஒரு மத்தியான வேலை. செயற்குழுவைக் கேட்காமல் தலைவரும் நானும் எடுத்த முடிவு அது. பொருளாளருக்கு இன்னும் வருத்தம் உண்டு. ரசீது அவரிடம் இருக்கிறது.

2024 ஆகஸ்டில், பெற்றோரும் ஆசிரியர்களும் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு மாற்றியமைக்கப்பட்டபோது நம் தெருவிலிருந்து யாரும் போகவில்லை. இனி அதன் கூட்டம் நடக்கும் நாளில் சங்கத்திலிருந்து ஒருவர் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வர வேண்டும் என்ற தீர்மானத்தையும், மோட்டார் செலவையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். முதல் முறை நான் போகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்