சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்: அந்த ஐந்து லட்சம் பற்றி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். போனில் ஆரம்பித்தால் நீங்கள் "சரி சரி, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சைப் பாலாற்றில் தண்ணீர் வந்த கதைக்குக் கொண்டுபோய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பொதுவில் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. ஐந்து லட்சம் கேட்கிற அந்தப் பையன் உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. காலையில் உங்களோடு கோட்டை அகழி ஓரம் நடக்க வருகிறவர்களில் இரண்டு பேரிடமும், வாலாஜாவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடமும் கேட்டிருக்கிறானாம். சித்தி சொன்னார். அவர்களும் படிக்கட்டும். உங்கள் பெயரையும் அவன் பெயரையும் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சித்தி சொன்னதை வைத்து எனக்குப் புரிந்தது இதுதான். உங்களோடு ராணிப்பேட்டை பெல்லில் வேலை பார்த்தவரின் மகன். லண்டனில் இருக்கிறான். (அவன் இருப்பது பர்மிங்காம். நம் ஊருக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான்.) பந்தயக் கம்பெனிகளை வைத்து மேட்ச்டு பெட்டிங் என்று ஒன்று செய்கிறான். சூதாட்டம் இல்லை, வெறும் கணக்கு, தோற்கவே முடியாது என்கிறான். ஐந்து லட்சம் கொடுத்தால் மாதம் 4 சதவீதம், அதாவது 20,000 ரூபாய் வரும். அதே பணத்துக்கு வருஷம் 7 சதவீதம் தரும் எஃப்.டி.யில் மாதம் மூவாயிரம்கூடத் தேறாது. உங்களுக்கு ஆசை வந்ததில் தப்பில்லை.

அவன் சொல்வது எல்லாமே பொய்யும் இல்லை. லெஸ்டரில் இருந்தபோது நானே அதைச் செய்திருக்கிறேன். இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்லவேண்டியதாகிவிட்டது.

இங்கிலாந்தில் பந்தயம் நடத்துவது உரிமம் வாங்கிச் செய்யும் தொழில். புது ஆளைப் பிடிக்க அந்தக் கம்பெனிகள் 'ஃப்ரீ பெட்', அதாவது இலவசமாகக் கட்டிக்கொள்ள ஒரு பந்தயத் தொகை, தருவார்கள். நம் ஊர் ஜவுளிக்கடையில் கட்டைப்பை கொடுப்பதுபோல. அந்த ஃப்ரீ பெட்டைப் பணமாக்கும் வித்தைதான் மேட்ச்டு பெட்டிங். ஒரு குதிரை ஜெயிக்கும் என்று கம்பெனியில் கட்டுவோம். அதே குதிரை ஜெயிக்காது என்று எக்ஸ்சேஞ்சில் கட்டுவோம். எக்ஸ்சேஞ்ச் என்பது பந்தயக்காரர்களே ஒருவருக்கு எதிராக ஒருவர் கட்டிக்கொள்ளும் சந்தை. 2000இல் தொடங்கிய பெட்ஃபேர் அதில் பெரிய பெயர்.

உங்களுக்குக் கணக்கு போட்டுக் காட்டினால்தான் திருப்தி. 20 பவுண்டு ஃப்ரீ பெட்டை 5.0 ஆட்ஸில் (ஜெயித்தால், கட்டியதையும் சேர்த்து ஐந்து மடங்கு) ஒரு குதிரைமேல் வைக்கிறேன். ஜெயித்தால் 80 பவுண்டு வரும். அந்த 20 இலவசம் என்பதால் அது திரும்பி வராது. எக்ஸ்சேஞ்சில் அந்தக் குதிரைக்கு எதிராக 5.2 ஆட்ஸில் 15.44 பவுண்டு கட்டுகிறேன். குதிரை ஜெயித்தால் எக்ஸ்சேஞ்சில் 65 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். 80இல் அதைக் கழித்தால் கையில் 15 நிற்கும். தோற்றால் எக்ஸ்சேஞ்சில் வரும் 15.44இல் 2 சதவீதக் கமிஷன் போக அதே 15. குதிரை ஓடினால் என்ன, படுத்தால் என்ன, நமக்கு 15 பவுண்டு.

அழகாக இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. நானூறு பவுண்டு முதல் போட்டு ஐந்து மாதத்தில் சுமார் எழுநூறு பவுண்டு எடுத்தேன். அப்புறம் ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் மெயில் வர ஆரம்பித்தது: இனி உங்கள் கணக்குக்குச் சலுகைகள் கிடையாது. ஒரு கம்பெனி நான் கட்டக்கூடிய தொகையைச் சில்லறைக் காசாகக் குறைத்துவிட்டது. இதற்கு அங்கே 'கப்' ஆவது என்று பெயர். சலுகையை மட்டும் உறிஞ்சுகிற ஆளைக் கம்பெனிக்காரன் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவான். அவன் என்ன தர்மச் சத்திரமா நடத்துகிறான்?

சித்தப்பா, நான் சொல்லவந்ததே இந்த இடம்தான். அந்தத் தொழிலில் பணத்துக்குப் பஞ்சமே கிடையாது. பஞ்சம் கணக்குக்குத்தான். ஒரு ஆளுக்கு ஒரு கம்பெனியில் ஒரே கணக்கு. அறிமுகச் சலுகை ஒரே தடவை. எதிர்ப்பந்தயத்துக்கு ஈடாக அந்த 65 பவுண்டு எக்ஸ்சேஞ்சில் இருக்கவேண்டும் என்பதால் கொஞ்சம் முதல் வேண்டும், சரி. ஆனால் அதை ஒரு மாதச் சம்பளத்தில் ஒதுக்கிவிடலாம். கணக்கு கப் ஆனபிறகு அஞ்சு லட்சம் இருந்தாலும் ஐம்பது லட்சம் இருந்தாலும் அதை வைக்க இடம் கிடையாது. அப்படியிருக்க, நாலு வீட்டில் ஐந்தைந்து லட்சம் அவனுக்கு எதற்கு?

எனக்கு இரண்டு பதில்தான் தோன்றுகிறது. ஒன்று, ரூம்மேட், நண்பன், நண்பனின் மனைவி என்று அடுத்தவர் பெயர்களில் கணக்கு திறந்து ஓட்டுகிறான். அது கம்பெனிகளின் விதிக்கு நேர் விரோதம். சொந்தப் பணத்தில் சொந்தமாக மட்டும் கட்டவேண்டும் என்பார்கள். சந்தேகம் வந்தால் பாஸ்போர்ட்டும் செல்ஃபியும் கேட்டு, ஜெயித்த பணத்தை நிறுத்திவைப்பார்கள். அப்போது உங்கள் பணம் யாரோ ஒரு ரூம்மேட்டின் பெயரில் மாட்டியிருக்கும். அவர் ஊரைக் காலிசெய்துகொண்டு போனால் யாரைத் தேடுவீர்கள்? இரண்டாவது பதில், அவன் செய்வது மேட்ச்டு பெட்டிங்கே இல்லை. முதலில் கொஞ்ச நாள் செய்திருப்பான். கணக்கெல்லாம் அடைபட்டதும் நேரடியாகக் கட்ட ஆரம்பித்திருப்பான். அல்லது உங்களுக்கு வரப்போகும் 20,000 வாலாஜா வாத்தியாரின் ஐந்து லட்சத்திலிருந்து வரும்.

பையன் நேர்மையானவன் என்றே வைத்துக்கொள்வோம். கை தவறாதா? ஒரு சனிக்கிழமை நான் எதிராகக் கட்டும் பொத்தானுக்குப் பதிலாக ஆதரவாகக் கட்டும் பொத்தானை அழுத்திவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே அணி. எனக்கு ஃபுட்பால் பிடிக்காது, ஆனால் அன்றைக்கு ஒன்றரை மணிநேரம் சாமி கும்பிட்டுக்கொண்டே பார்த்தேன். 60 பவுண்டு போயிற்று. என் பணம் என்பதால் என்னைத் திட்டிக்கொண்டதோடு முடிந்தது. அடுத்தவர் பணத்தில் அப்படிப் போனால், அதை உடனே மீட்கவேண்டும் என்று கை பரபரக்கும். இரவில் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்திருக்கும் 27 வயதுப் பையனுக்கு அந்தப் பரபரப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை.

பந்தயக் கம்பெனி மூழ்கினாலும் கஷ்டம்தான். வங்கி டெபாசிட்டுக்கு அங்கே இருக்கும் பாதுகாப்பு பந்தயக் கணக்கில் கிடக்கும் பணத்துக்குக் கிடையாது. ஃபுட்பால் இன்டெக்ஸ் என்ற தளம் உரிமம் வாங்கியே நடந்தது. 2021 மார்ச்சில் அது விழுந்தபோது ஏராளமானவர்களின் பணம் மாட்டிக்கொண்டது.

பணத்தை எப்படி அனுப்புவது என்று கேட்டதற்கு, "அப்பா கையில் கொடுத்துவிடுங்கள் அங்கிள், இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றானாம். சித்தி இதைச் சாதாரணமாகச் சொன்னார், எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. வங்கி வழியாக அனுப்பினால் எதற்காக அனுப்புகிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். 2000ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகளில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவே கூடாத காரியங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக் இவற்றோடு ஃபுட்பால் பூல் (ஃபுட்பால் முடிவுகள்மேல் கட்டும் பந்தயம்) என்றே அதில் இருக்கிறது. உண்மையை எழுதினால் வங்கி அனுப்பாது. பொய் எழுதினால் மாட்டுவது நீங்கள். கையில் கொடுத்தால் துண்டுச்சீட்டுகூட மிஞ்சாது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தனித் தடைச்சட்டம் இருக்கிறது, 2025இல் பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக நாடாளுமன்றமும் சட்டம் போட்டுவிட்டது. இதில் போய் "வட்டி வரவில்லை" என்று எந்த ஸ்டேஷனில் எப்படி மனு எழுதுவீர்கள்? நம் ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் வருஷத்துது. பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்ததைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்று அதன் 30ஆவது பிரிவே சொல்கிறது.

அவன் அப்பா புரோநோட்டு எழுதித்தருவாராம். முப்பது வருஷப் பழக்கம், நல்ல மனுஷர், ஒத்துக்கொள்கிறேன். மகனுக்கு ஏதாவது ஆனால் அவரால் ஐந்து லட்சம் கட்ட முடியுமா? அவரும் பென்ஷன்காரர்தானே. நாலு பேருக்கு அப்படி நாலு நோட்டு எழுதியிருந்தால்?

சித்தியின் தீபாவளிச் சீட்டை நினைத்துப்பாருங்கள். பதினோரு மாதம் கட்டினார். பன்னிரண்டாம் மாதம் கடைக் கதவில் பூட்டு. வெள்ளிக் கொலுசும் வரவில்லை, பட்டாசுப் பெட்டியும் வரவில்லை. அப்போது "படிச்சவ நீயே ஏமாந்துட்டியே" என்று நீங்கள் சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை. நம் பக்கத்தில் இது புதிதும் இல்லை. 2022இல் ஆருத்ரா நிதி நிறுவன விவகாரம் வெளியே வந்தபோது ஆரணியிலும் செய்யாறிலும் வீட்டுக்கு வீடு இதே பேச்சு. லட்சம் பேரிடமிருந்து 2,438 கோடி ரூபாய் வசூல் என்றது போலீஸ். அங்கேயும் முதலில் போட்டவர்களுக்குச் சில மாதம் பணம் ஒழுங்காக வந்தது. அதைப் பார்த்துத்தான் அடுத்தவர்கள் போட்டார்கள். உங்களுக்கும் முதல் இரண்டு மாதம் 20,000 வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். வந்தால் குடியாத்தம் அத்தையிடமும் சொல்வீர்கள்.

அவனிடம் நேரடியாகக் கேளுங்கள். எத்தனை கணக்கு, யார் யார் பெயரில், அதில் எத்தனை கப் ஆகியிருக்கிறது. லாபம் காட்டும் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். வீடியோ காலில் எக்ஸ்சேஞ்ச் கணக்கைத் திறந்து ஆறு மாத வரவுசெலவை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் இருக்கிறேன், என்ன பார்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். பையனுக்கு நிஜமாகவே பணக்கஷ்டம் என்றால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற தொகையை அப்படிச் சொல்லியே கொடுங்கள். நானும் பத்தாயிரம் போடுகிறேன்.

எஃப்.டி. 14ஆம் தேதி முதிர்கிறது என்றார் சித்தி. 12ஆம் தேதி காலை நான் காட்பாடியில் இறங்கிவிடுவேன். வரும் வழியில் ஆற்காடு மக்கன் பேடா வாங்க முடியாது, அதை நீங்கள் வாங்கிவையுங்கள். செக் புத்தகம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும். சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளச் சொல்லி சித்தியிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்