பரிணாமமா, பரிமாணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் கலைப் பக்கத்தில் ஒரு வயலின் கலைஞர் 'கல்யாணி ராகத்துக்குப் புதிய பரிணாமம் தந்தார்' என்று வந்திருந்தது. சரி, ஏதோ அவசரத்தில் நேர்ந்த அச்சுப்பிழை என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பந்துவீச்சாளரின் 'இன்னொரு பரிணாமம்' வெளிப்பட்டது. இரண்டு இடத்திலும் எழுதியவர் மனதில் இருந்தது பரிமாணம்தான் என்று நினைக்கிறேன்.

நான் 38 வருடம் மத்திய அரசு அலுவலகத்தில் கணக்கு எழுதியவள். பேரேட்டில் 54 என்பதை 45 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை உதைக்கும். உதைக்கிற தொகை ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் புரண்டிருக்கலாம் என்று தேடுவோம். எழுத்து இடம் புரண்டால் கண்டுபிடிக்க அப்படி ஒரு வழி இல்லை. பரிணாமம், பரிமாணம் இரண்டிலும் ஐந்து எழுத்துகள்; நடுவில் ணகரமும் மகரமும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. காதுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் கேட்கிறது. அதனால் பிழை திருத்துபவரின் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது.

இரண்டுமே வடமொழியிலிருந்து வந்தவை. ஆனால் வேர் வேறு. பரிமாணத்தின் வேர் 'மா', அதாவது அளத்தல். பிரமாணம், மாத்திரை எல்லாம் அதன் உறவுக்காரர்கள். நீளம், அகலம், உயரம் என்று மூன்று அளவு இருந்தால் முப்பரிமாணம். பரிணாமத்தின் வேர் 'நம்', வளைதல். நமஸ்காரம் என்று குனிகிறோமே, அதே வேர். முன்னால் 'பரி' சேரும்போது ந, ண ஆகிவிடுகிறது. ஒன்று வளைந்து திரும்பி வேறொன்றாக ஆவது பரிணாமம். ராகத்தில் இதுவரை யாரும் காட்டாத ஒரு பக்கத்தைக் காட்டினால் அது பரிமாணம். கல்யாணி மெல்ல மெல்ல மாறி வேறு ராகமாகவே ஆகிவிட்டால் அதைப் பரிணாமம் எனலாம். அந்தக் கலைஞர் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1979-இல் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வேலைக்கு வந்தேன். வயது 22. ஹிந்தியில் 'பானி' தவிர வேறு வார்த்தை தெரியாது. மத்திய அரசு ஊழியர்களுக்கு பிரபோத், பிரவீண், பிராக்ஞ என்று மூன்று படியாக ஹிந்தி சொல்லிக்கொடுப்பார்கள். பிராக்ஞ தேறினால் ஒரு வருடத்துக்கு ஓர் இன்கிரிமென்ட் அளவு பணம் கூடக் கிடைக்கும். அந்த ஆசையில்தான் சேர்ந்தேன். வகுப்பில் 'பரிணாம்' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார் ஆசிரியர். மற்ற வார்த்தைகளுக்குத் திணறிக்கொண்டிருந்த எனக்கு இது தெரிந்த சொல்லாயிற்றே! குரங்கு மனிதன் ஆனது பரிணாமம் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிவைத்தேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. "பெஹன்ஜி, அது விகாஸ். நீங்கள் பரீட்சை எழுதினால் வருமே, அதுதான் பரிணாம்" என்றார் அவர்.

ஹிந்தியில் பரிணாம் என்றால் முடிவு, விளைவு. பேச்சில் எல்லாரும் ரிசல்ட் என்றுதான் சொல்கிறார்கள்; ஆனால் தேர்தல் எண்ணிக்கை நாளன்று தொலைக்காட்சியைப் போட்டால் அடி முதல் நுனி வரை 'சுனாவ் பரிணாம்'தான். அலுவலகக் கோப்புகளில் 'பரிணாம்ஸ்வரூப்' என்று வரும். 'அதன் விளைவாக' என்று பொருள். முதல் ஆறு மாதம் நான் அதைப் பரிணாம வடிவம் என்று புரிந்துகொண்டு, இந்த இலாகாவில் என்னதான் நடக்கிறது என்று விழித்திருக்கிறேன்.

பரிவர்த்தனையும் இதே கதைதான். நமக்கு அது வங்கியில் நடப்பது. இங்கே அதற்கு மாற்றம் என்று பொருள். சாலையில் பள்ளம் தோண்டி 'மார்க் பரிவர்த்தன்' என்று பலகை வைத்தால், வேறு வழியாகப் போ என்று அர்த்தம். பணம் கட்டச் சொல்லவில்லை.

அப்புறம் ஒருமுறை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது வகுப்பில் மானம் போன கதையை அப்பாவிடம் சொன்னேன். அவர் உபந்நியாசம் கேட்கப் போகிற ஆள். "நீங்கள் இரண்டு பேர் சொன்னதற்கும் முந்தைய அர்த்தம் ஒன்று இருக்கிறது" என்றார். பால் தயிராவதுதான் பரிணாமத்துக்குச் சாங்கியம் என்கிற பழைய தத்துவத்தைச் சேர்ந்தவர்கள் காட்டுகிற உதாரணமாம். தயிர் வெளியிலிருந்து வருவதில்லை. பாலுக்குள்ளேயே இருந்தது தயிராக வெளிப்படுகிறது. அது நிஜமான மாற்றம். திரும்பப் பாலாக்க முடியாது. இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிகிறதே, அது அத்வைதிகளின் உதாரணம். அங்கே கயிறு கயிறாகவேதான் இருக்கிறது, பார்த்தவனுக்குத்தான் வேர்க்கிறது. அதற்குப் பெயர் விவர்த்தம். அப்பா சொன்னதில் பாதிதான் அன்று ஏறியது.

மீதியைத் தில்லி ஜனவரி சொல்லிக்கொடுத்தது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ராத்திரி எட்டு மணிக்கு உறைகுத்தி வைத்தால் காலையிலும் பால் பாலாகவே இருக்கும். பாத்திரத்தைப் பழைய சால்வையில் சுற்றி, அரிசி டின்னுக்குள் இறக்கி மூடி வைப்பேன். அலுவலகம் போய்த் திரும்பும்போது உறைந்திருக்கும், சில நாள் அதற்கும் ஏமாற்றும். ஜூனில் நேர் எதிர். மூன்று மணி நேரத்தில் உறைந்து, நான்காவது மணியில் புளித்துவிடும். இன்றைக்கு மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன், சால்வை மாறிவிட்டது, டின் அதேதான். பால் கெட்டுப்போனால் அதை நாம் பரிணாமம் என்றா சொல்கிறோம்? திரிந்துவிட்டது என்கிறோம். தமிழில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிச்சொல் இருக்கிறது. காய் கனியும், மாவு புளிக்கும், பால் உறையும். கம்பளிப்புழு வண்ணத்துப்பூச்சியானால் உருமாற்றம். இங்கே தில்லியின் ரிட்ஜ் குன்றுகளில் கிடக்கிற குவார்ட்சைட், ஒரு காலத்தில் மணற்கல்லாக இருந்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறியது. நம் பாடப்புத்தகத்தில் அது உருமாறிய பாறை.

இவற்றுக்கு நடுவில் பரிணாமத்துக்கு அறிவியல் ஒரு நல்ல வேலை கொடுத்திருக்கிறது. டார்வின் 1859-இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு உலகம் பேசுகிற விஷயத்துக்குத் தமிழ்நாட்டில் இதுதான் பெயர். இலங்கைப் பாடநூல்களில் கூர்ப்பு. படிமலர்ச்சி என்றும் சிலர் எழுதுகிறார்கள், எனக்குப் பிடித்த சொல். ஹிந்தியில் க்ரமவிகாஸ் என்பதும் அதேதான்; க்ரமம் படி, விகாஸ் மலர்ச்சி. என் ஹிந்தி ஆசிரியரிடம் இதை அன்றே சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் 'பரிணாம வளர்ச்சி' என்று வால் ஒட்டி எழுதுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. இருட்டுக் குகையிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மீன்களில் சில கண்ணை இழந்தன. நாடாப்புழுவுக்குக் குடலே கிடையாது. அவையும் பரிணாமம்தான், அங்கே எது வளர்ந்தது? அதேபோல் திருவாசகத்தில் 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று வருவதை எடுத்து, மணிவாசகர் டார்வினை முந்திவிட்டார் என்று வருடத்துக்கு ஒருமுறையாவது யாரோ எழுதிவிடுகிறார்கள். அவர் பாடுவது ஓர் உயிர் பிறவி பிறவியாக எடுத்த உடல்களை. பிறந்து இளைத்தேன் என்று அடுத்த வரிகளில் அவரே சொல்கிறார். அந்தப் பாட்டுக்கு டார்வினின் சிபாரிசு தேவையில்லை.

தங்கள் பிழைதிருத்துநர் மேசையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவைத்தால் போதும்: மாத்திரைக்கு உறவு பரிமாணம், நமஸ்காரத்துக்கு உறவு பரிணாமம்.

இன்னொன்று. அந்த வயலின் கலைஞர் அடுத்து தில்லிக்கு வருகிறார் என்று செய்தியின் கடைசி வரியில் இருந்தது. தேதியும் இடமும் போடவில்லை. அதையும் சேர்த்து வெளியிட்டால் நாங்கள் நான்கைந்து பேர் மெட்ரோ பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர், தங்கள் நெடுநாள் வாசகி
மயூர் விஹார், தில்லி