வேகவைத்த பழமும் வாசனைச் சரக்கின் அளவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செரிமானத்துக்கான வீட்டு வைத்தியம் என்று நாளிதழ் இணைப்புகளில் வரும் குறிப்புகள் பலவற்றில் "சிறிது சுக்கு, சிறிது கிராம்பு, தேவைக்குச் சர்க்கரை" என்பதற்கு மேல் அளவு எதுவும் இருப்பதில்லை. பழத்தை வாசனைச் சரக்குகளோடு வேகவைத்து உண்பது நல்ல வழக்கம்தான் என்றாலும், அது வயிற்றுக்கு இதமாக அமைவதும் வெறும் இனிப்புப் பண்டமாகிவிடுவதும் அளவைப் பொறுத்ததே.

நம் குமரி மாவட்டத்தில் இதற்கு மிகவும் தோதானது நேந்திரன் எனப்படும் ஏத்தம்பழம். (மட்டி என்னும் சிறிய வாழைப்பழத்தை அடுப்பில் ஏற்றுவது வீண்; அதன் மணமும் மென்மையும் பச்சையாக உண்பதற்கே உரியவை.) தோல் கருக்கத் தொடங்கிய 2 பழங்களை உரித்து, நெடுக்கே பிளந்து, நடுவிலுள்ள கறுப்பு நாரை நீக்கி நறுக்கி, ஒரு தம்ளர் தண்ணீரில் 2 கிராம்பு, ஒரு ஏலக்காய், கால் தேக்கரண்டி சுக்குப்பொடி ஆகியவற்றோடு மூடியிட்டுச் சிறுதீயில் 10 நிமிடம் வேகவைத்தால் இருவருக்குப் போதும். வெந்த நீரைக் கொட்டிவிடக் கூடாது. பெக்டின் என்னும் கரையும் நார்ச்சத்து சூட்டில் இளகி அந்த நீரிலும் இறங்கியிருக்கும். நன்கு பழுத்ததையே எடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அரைப்பழத்தில் மாவுச்சத்து மிகுதி. அதை வேகவைக்காமல் தின்றால் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடல்வரை சென்று நொதித்து வாயுவை உண்டாக்கும்.

சுக்கு, இரைப்பையிலுள்ள உணவு குடலுக்கு நகர்வதைச் சற்று விரைவுபடுத்தும். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாறாமலைப் பகுதிக் கிராம்போ எண்ணெய்ச் செறிவு மிக்கது. இரண்டுக்கு மேல் போட்டால் பழத்தின் சுவையே அடங்கிவிடும். அன்னாசியையும் இவ்வாறே வேகவைக்கலாம், நாக்கு அரிக்காது. ஆனால் புரதத்தைச் சிதைக்கும் அதன் நொதி சூட்டில் அழிந்துவிடுவதால், செரிமான நொதிக்காக அன்னாசியை வேகவைத்துத் தின்னுங்கள் என்று எழுதுவது பொருந்தாது.

கருப்பட்டி சேர்ப்பது அவரவர் விருப்பம். பழுத்த ஏத்தனுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. சக்கை வரட்டி (பலாப்பழத்தைச் சர்க்கரையோடு கிளறி வற்றவைத்தது) மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது சர்க்கரைச் செறிவாலும் நீரின் குறைவாலும்தான். கடை ஜாமிலும் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதில் பெரும்பகுதி சர்க்கரையே. நான் சொல்லும் பண்டம் அன்றன்று செய்து அன்றே தீர்க்க வேண்டியது.

நீரிழிவு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், விடாத வயிற்றுவலி ஆகியவை இருந்தால் சுக்கையும் கிராம்பையும் நம்பிக் காத்திருக்கலாகாது.

கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கும்போது, இத்தகைய குறிப்புகளை அங்குள்ள மருத்துவர்களிடமும் ஓர் உணவியல் வல்லுநரிடமும் காட்டி, பழத்தின் எடை, சரக்கின் அளவு, யார் தவிர்க்க வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்தே வெளியிடுமாறு வேண்டுகிறேன். வயிற்று உப்புசத்தைப் பற்றிய பேச்சு மிகுதியாக எழும் சக்கைக் (பலாப்பழக்) காலத்துக்கு முன்பே இதைத் தொடங்கினால் நன்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை.