மல்லிப்பட்டினம் கரையில எங்களுக்காக கூடையை இறக்கி வச்சவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். கிளம்புற அன்னிக்கு ஒவ்வொருத்தர்ட்டயும் நேர்ல சொல்லிட்டு வரணும்னு தான் இருந்தேன், ஆனா பட்டுக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு, பாதி பேர் கடல்ல வேற இருந்தீங்க, அதான் இங்க எழுதுறேன். மீன் கணக்கு எடுக்க ஒரு வருஷம் ஸ்கேலும் நோட்டுமா திரிஞ்ச ரெண்டு பேர்ல குட்டையா இருந்தவன் நான்.

மொத மாசம் எங்கள யாருக்கும் பிடிக்கல, அது நியாயம்தான். 2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கம் பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டரை கடற்பசு (நீங்க சொல்ற ஆவுளியா) பாதுகாப்பகம்னு அறிவிச்சாங்கல்ல, அதுக்கப்புறம் நோட்டு பேனாவோட யாரு வந்தாலும் ஒரு சந்தேகம் வரத்தானே செய்யும். டீக்கடையில ஒரு பெரியவர் நேராவே கேட்டார், "எண்ணி முடிச்சிட்டு கடலுக்கு பூட்டு போடவா தம்பி?" எனக்கு பதில் தெரியல. முழிச்சதப் பாத்துட்டு அவரே ஒரு டீ சொன்னார். ஐயா, அந்த டீக்கு மொத நன்றி.

அடுத்து போட்காரங்களுக்கும் போட் முதலாளிங்களான சம்மாட்டிகளுக்கும். எங்க வேலை முறை என்னன்னா, அன்னிக்கு கரைக்கு வந்த போட் 15க்குள்ள இருந்தா எல்லாத்தையும் பாக்கணும், அதுக்கு மேல போனா சிலதை மட்டும் பாத்து மொத்தத்துக்கும் பெருக்கிக்கலாம், மத்தியானம் 12ல இருந்து சாயங்காலம் 6 வரைக்கும் ஒரு நாள், மறுநாள் காலைல 6ல இருந்து 12 வரைக்கும், நடுவுல ராத்திரி இறங்கினத விசாரிச்சு எழுதிக்கணும். 1947ல ஆரம்பிச்ச மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பழக்கப்படுத்துன முறைதான் இது. கேக்க ஈசியா இருக்கும். ஆனா ஐஸ் உருகிட்டு இருக்கு, ஏலம் கூப்பிடுறாங்க, அந்த நேரத்துல "அண்ணே ஒரு பத்து நிமிஷம், இந்த ஓரா மீன மட்டும் அளந்துக்கிறேன்"னு ஒருத்தன் நின்னா யாருக்கா இருந்தாலும் கோவம் வரும்ல. வந்துச்சு, திட்டுனீங்க, ஆனாலும் கூடையை இறக்கி வச்சீங்க.

ராத்திரி கணக்கு முழுக்க ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் அண்ணனோட புண்ணியம். ஐஸ் சீட்டு பின்னாடி எத்தனை வத்தை (சின்ன நாட்டுப்படகு) வந்துச்சு, நண்டா காரல் மீனான்னு கிறுக்கி சட்டைப்பையில வச்சிருப்பார், காலைல ஈரத்தோட எடுத்துக் குடுப்பார்.

ஏலக்கார அக்காவ எப்படி விட முடியும். நான் சென்னைக்காரன், எங்க ஊர்ல ஷீலான்னா ஊளி, நீளமா பல்லோட இருக்குமே அது. இங்க சீலான்னா வஞ்சிரம். ரெண்டு வாரம் நான் வஞ்சிரத்த எல்லாம் ஊளின்னு ஏத்திட்டேன்! அக்கா ஒருநாள் நோட்ட எட்டிப் பாத்துட்டு, "ஏன்டா தம்பி, இந்த விலைக்கு ஊளி வித்தா நான் மாடி வீடு கட்டிருப்பேனே"ன்னு சிரிச்சாங்க பாருங்க. அந்த ரெண்டு வாரத்தையும் உக்காந்து திருத்தினோம். தப்பு முழுக்க என்னோடது, ஆபீஸ்ல யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. சினை நண்ட தனியா ஒதுக்கி வச்சு, பாத்து எழுதிக்கடான்னு கூப்பிட்டு காட்டினதும் அவங்கதான்.

கடல்தாழை (கடலடியில வளர்ற புல்லு) பாக்க கூட்டிட்டுப் போன வத்தைக்கார அண்ணன் பத்தி தனியா எழுதலாம். அரை மீட்டர் சதுர சட்டத்த தரையில வச்சு உள்ள எவ்வளவு தாழை மூடியிருக்குன்னு பாக்குறது வேலை. வாடைக்காத்துல தண்ணி கலங்கிடும், தெளிவு பாக்குற கறுப்பு வெள்ளை தட்ட கயித்துல இறக்கினா கை மறையுறதுக்குள்ள தட்டு மறைஞ்சிடும், அந்த மாசம் பூரா வேஸ்ட். பங்குனில தெளிஞ்சப்போ ஜிபிஎஸ்ல சார்ஜ் இல்ல (நான் தான் மறந்தேன், வேற யாரு). அண்ணன் கரையில இருக்குற மனோரா கோட்டைக்கு நேரா செல்போன் டவர் வர்ற வரைக்கும் தள்ளிட்டுப் போய், ரெண்டு பாகம் (சுமார் பன்னெண்டு அடி) ஆழம் பாத்து நங்கூரக் கல்லு போட்டார். இறங்கிப் பாத்தா பழைய இடமேதான், போன தடவ நாங்க அடிச்ச கம்பி அப்படியே நிக்குது. பக்கத்துல தாழைக்கு நடுவுல ஒரு சாண் அகலத்துக்கு மணல் தெரியிற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு தடம். மேல வந்து சொன்னேன், அவரு பீடிய பத்த வச்சுக்கிட்டே "ஆவுளியா மேஞ்சது"ன்னார், என்னமோ பக்கத்து வீட்டு மாடு மாதிரி. நான் ஆவுளியாவ இன்னும் கண்ணால பாத்ததில்ல, தடம் தான் பாத்தேன், அதுவே போதும்னு இருந்துச்சு.

சாப்பாடு போட்ட வீடுகள இங்க சொல்லல, சொன்னா ஒரு வீடு விட்டுப்போய் சண்டை வரும்.

ரிப்போர்ட்டுல உங்க கரைக் கணக்க தமிழ்ல ரெண்டு பக்கமா அடிச்சு டீக்கடையில ஒட்டுறேன்னு சொன்னேன்ல, அது ரெடியாகுது. ஜூன் 14 தடைக்காலம் முடிஞ்சு போட் இறங்குற வாரம் வர்றேன், பூட்டு கேட்ட பெரியவர் மொத ஆளா படிச்சிட்டு கேள்வி கேக்கட்டும், இந்த தடவ முழிக்காம இருக்கப் பாக்குறேன்.

ஏலக்கார அக்கா, உங்க தராசு கொக்கி என் பேக்லயே வந்துருச்சு. வரும்போது எடுத்துட்டு வர்றேன், புதுசு வாங்கிடாதீங்க.