எழுத்து குலையும் பிள்ளையைத் தண்டிக்கும் முன்: கொங்குப் பகுதித் தலைமை ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டப் பள்ளிகளை நடத்தும் தங்களிடம் வில்சன் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1912இல் கின்னியர் வில்சன் என்ற மருத்துவர் விவரித்த இந்நோய், உணவில் சேரும் தாமிரத்தைப் பித்தநீர் வழியே வெளியேற்றக் கல்லீரலால் இயலாமல் போகும் பரம்பரைக் கோளாறு. தேங்கிய தாமிரம் மூளையில் படியும்போது கை நடுங்குகிறது, உடல் இறுகுகிறது. அதற்கு முன்பே நோய் வகுப்பறையில் தலைகாட்டிவிடுவதுண்டு. அங்கே அது நோயாகத் தெரிவதில்லை என்பதுதான் என் கவலை.

என் அண்ணன் மகன் விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்புப் படித்தான். அவனுடைய கணக்கு நோட்டில், ஜூன் மாதம் கோட்டின்மேல் ஒழுங்காக நின்ற எழுத்துகள் தீபாவளிக்குள் சிறுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கோட்டை விட்டுச் சரிகின்றன. மதிப்பெண் இறங்கியது, தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது, பேச்சு குழறியது, சட்டைக் காலரில் எச்சில் ஈரம் காயவே இல்லை. பள்ளியில் அதைத் திமிர் என்று எண்ணி இம்போசிஷன் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கண் மருத்துவர் ஒருவர் கருவிழியின் விளிம்பில் தாமிரம் படிந்த பழுப்பு வளையத்தைக் கண்ட பிறகே, இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மினும் 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரமும் சோதிக்கப்பட்டு நோய் உறுதியானது. வீட்டுச் செம்புக் குடத்தின்மேல் பழிபோட்டவர்களும் உண்டு. நோய்க்குக் காரணம் குடமல்ல, மரபணு.

குறையுள்ள மரபணுவைத் தாய், தந்தை இருவருமே சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகளை மணக்கும் வழக்கம் இன்னும் இருக்கிற நம் பகுதியில் இதை மறைக்காமல் பேச வேண்டும். அவனுடைய தங்கைக்கு எந்த அறிகுறியும் இல்லாதபோதே சோதித்துக் கண்டுபிடித்தார்கள். உணவுத் தாமிரம் உடலில் சேர்வதைத் தடுக்கும் துத்தநாக மாத்திரையை விடாமல் சாப்பிட்டு அவள் இன்று பள்ளி அணியில் கபடி ஆடுகிறாள். அண்ணனுக்கோ பேச்சு முழுமையாகத் திரும்பவில்லை.

மதிப்பெண் குறையும் பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஆயினும் நன்றாக எழுதி வந்த பிள்ளையின் எழுத்து சில மாதங்களில் குலைந்து, கூடவே பேச்சும் குணமும் மாறினால், தண்டிக்காமல் பெற்றோரை அழைத்து, முன்பு மஞ்சள் காமாலை வந்ததா என்று கேட்டு, பழைய நோட்டையும் புதிய நோட்டையும் கையில் கொடுத்து நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். உடன்பிறந்தவர்கள் உங்கள் பள்ளியிலேயே படித்தால் அவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். விடுதிக் காப்பாளர்களுக்கும் இதை இந்தக் கல்வியாண்டிலேயே எடுத்துச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு சித்தப்பா