பீட்ரூட் நிறம் சோப்பில் நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வீட்டுச் சோப்பு செய்முறையைப் படித்தேன். பீட்ரூட் சாறு ஊற்றினால் ரோஸ், சங்குப்பூ போட்டால் நீலம், குப்பைமேனி அரைத்துவிட்டால் பச்சை என்று படத்தோடு போட்டிருந்தீர்கள். உரிமம் வாங்கி, சின்ன அளவில் சோப்பு செய்து விற்கிறவள் நான். இந்த மூன்றுமே அந்த நிறத்தில் நிற்காது.

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்துதான் சோப்பாகிறது. நன்றாகப் பதப்பட்ட சோப்பிலும் காரம் இருக்கும், புளிப்பா காரமா என்று அளக்கும் பி.ஹெச். எண் 9, 10 அளவில் காட்டும். பூ, காய் நிறங்களில் பெரும்பாலானவை இதைத் தாங்குவதில்லை. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதல்லவா, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. பீட்ரூட் பழுப்பாகிவிடும். சங்குப்பூவின் நீலமும் போய்விடும். குப்பைமேனி கொஞ்ச நாள் பச்சையாக இருக்கும், அப்புறம் காய்ந்த இலை நிறம்தான்.

படத்தில் பார்த்த நிறம் வராதபோது புதிதாகச் செய்கிறவர்கள் கலர் கோலப்பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துச் சேர்த்துவிடுகிறார்கள். தோலில் தேய்ப்பதற்கென்று செய்த சாயமா அது? குழந்தைகளையும் அதே சோப்பால்தானே குளிப்பாட்டுவார்கள். வாங்குகிறவர்களும் நிறத்தையே பார்க்கிறார்கள். சந்தையில் என் குப்பைமேனி சோப்பை எடுத்து, "பழைய ஸ்டாக்காம்மா?" என்று கேட்டு வைத்துவிட்டு, கிளிப்பச்சையாக இருக்கும் இன்னொன்றை வாங்கிப் போகிறார்கள். மனது கஷ்டமாக இருக்கிறது.

காரம் பட்டு மாறினாலும் நல்ல நிறமாகவே நிற்பவை நம் பக்கத்திலேயே இருக்கின்றன. எங்கள் ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன் தூள் போதும், கூடினால் துண்டில் கறை பிடிக்கும். காஸ்டிக் சோடா கரைத்த காரநீரை ஊற்றியதும் செங்கல் நிறமாகும், பயப்பட வேண்டாம். அச்சிலிருந்து எடுத்து நான்கு வாரம் காற்றாட வைத்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சளுக்கு இறங்கிவரும். வெயில் மட்டும் படக் கூடாது, வெளுத்துவிடும்.

எனக்குப் பிடித்தது வேம்பாளம்பட்டை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் தருவார்கள், தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் போடுவதுதான். தேங்காய் எண்ணெயில் ஊறினால் நல்ல ரத்தச் சிவப்பு. அந்த எண்ணெயில் காரநீர் விழுகிற இடத்தில் முதலில் ஒரு ஊதாக் கோடு ஓடும். கரண்டியால் கலக்கக் கலக்கப் பாத்திரம் முழுக்க ஊதாவாகிவிடும். காய்ந்தபின் சாம்பல் படிந்த ஊதாவாக நிற்கும். எவ்வளவு அழகு தெரியுமா! கறுப்பு வேண்டுமானால் கொட்டாங்கச்சிக் கரியை நைசாக அரைத்துச் சலித்துப் போடலாம். நீலத்துக்கு அவுரி இருக்கிறது, திண்டிவனம் பக்கம் விளைகிறது.

ரோஜாவும் ஆவாரம்பூவும் அவற்றின் நிறத்திலேயே வேண்டும் என்பவர்கள் குளியல் பொடி செய்யலாம். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கோடு நிழலில் உலர்த்தி அரைத்தால் சரி, அதில் காரமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செய்முறையில் "ஒரு பாத்திரத்தில்" என்று மட்டும் இருந்தது. அலுமினியத்தில் காஸ்டிக் சோடா பட்டால் பொங்கிப் பாத்திரத்தையே அரித்துவிடும். எவர்சில்வர்தான் வேண்டும். தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. நிறத்தைப் பற்றிய திருத்தத்துக்கு இடமில்லாவிட்டாலும், இந்த எச்சரிக்கையை வருகிற ஞாயிறே அதே பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். அந்தச் செய்முறையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு லீவு நாளுக்காகக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பெருந்துறை.